குருவியின் பெயரைக் கேட்ட சிறுவன்

சென்ற பெரும்போகத்தில் கதிர் முற்றத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, வாப்பாவுடன் நானும் தம்பியும் வினாயகபுரத்துக்குப் போயிருந்தோம். திருக்கோவில் பகுதியில் கடலை அண்டி இருக்கும் தமிழ்க் கிராமம் அது. கல்முனையிலிருந்து பஸ்ஸில் போனால் அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழியும். அங்குள்ள வட்டையில் வாப்பா குத்தகைக்கு வயல் செய்கிறார். வாப்பாவின் நீண்டநாள் நண்பர் ஒருவர்தான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் அவரை மாமா என்று அழைப்போம். கதிர் முற்றும் காலத்தில் குருவி விரட்டுவது பெரிய வேலை. ஒன்பது வயதுத் தம்பி அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். உம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த கெட்டப்போலை வெளியே எடுக்க அவனுக்கு அன்று ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

லுஹருக்குச் சற்று முன்பு வரம்பால் ஓடி வந்தான். உள்ளங்கையில் ஒரு குருவி. கழுத்துத் துவண்டு கிடந்தது. உடம்பைப் பார்த்தால் வீட்டு வளையில் கூடு கட்டும் அடைக்கலக்குருவி போலவே இருந்தது. ஆனால் தலை உச்சியில் மஞ்சள் அரைத்துப் பூசியது போன்ற நிறம். ராத்தா, இது என்ன குருவி, கூட்டத்தில் இருந்த மற்றக் குருவிகளுக்கு ஏன் இந்த மஞ்சள் இல்லை என்று கேட்டான். அவனுடைய முகத்தில் பெருமையும் இருந்தது; கொஞ்சம் பயமும் இருந்தது.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். இதயத்தின் நெடுக்குவெட்டு முகத்தைப் பார்க்காமல் வரைவேன். எங்கள் வயலில் எங்கள் நெல்லைத் தின்று வாழும் குருவியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாப்பா காண்பதற்குள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவு என்று அதட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் வாய்க்காலில் எறிந்தான். தண்ணீர் அதைக் கொஞ்சத் தூரம் கொண்டு போய்ப் புல்லில் ஒதுக்கியது. அன்று மாலை வரை அவன் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

சில வாரங்களின் பின்னர் எங்கள் பாடசாலை நூலகத்தில் பறவையியலாளர் ஸாலிம் அலியைப் பற்றி வாசித்தபோது அந்தக் குருவிதான் என் கண்முன் வந்தது. அவருடைய வாழ்க்கையும் ஒரு செத்த குருவியில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் குருவியை யாரும் வாய்க்காலில் எறியச் சொல்லவில்லை. எனக்கும் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஸாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மொய்சுத்தீன். தாய் ஸீனத்துன்னிஸா. பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். அநாதைகளாகி நின்ற பிள்ளைகள் அனைவரையும் தாய்மாமனான அமீருத்தீன் தையாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிள்ளைச் செல்வம் இருக்கவில்லை. எத்தீமை அரவணைப்பதன் சிறப்பைப் பற்றி நாம் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். பம்பாயின் கேத்வாடி என்ற இடத்தில் இருந்த அந்த நடுத்தர வீட்டில் அது நடந்து கொண்டிருந்தது.

அமீருத்தீன் மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்தில் வேட்டை ஒரு கௌரவமான பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. மாமா சிறுவன் ஸாலிமுக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி கொடுத்திருந்தார். வீட்டைச் சுற்றித் திரியும் குருவிகள்தான் அவனுடைய இலக்கு. இன்று நாம் பறவைகளின் காவலர் என்று போற்றும் மனிதர் ஒன்பது, பத்து வயதில் எங்கள் தம்பியைப் போலத்தான் இருந்திருக்கிறார். இதை அவருடைய வரலாற்றில் மறைக்க வேண்டிய பகுதியாக அவர் நினைக்கவில்லை. தன்னுடைய சுயசரிதையில் அவரே அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த வயதில் அவர் எழுதி வைத்த ஒரு குறிப்பு இருக்கிறது. 1906, 1907ஆம் ஆண்டுக் காலத்தது. குதிரை லாயத்துச் சுவரில் ஒரு துவாரம். அதற்குள் பெண் குருவி முட்டையில் அடைகாத்துக் கொண்டிருந்தது. வெளியே ஓர் ஆணியில் ஆண் குருவி காவல் இருந்தது. சிறுவன் ஒரு வண்டியின் பின்னால் பதுங்கியிருந்து ஆண் குருவியைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறொரு ஆண் குருவி வந்து அதே ஆணியில் அமர்ந்தது. அதையும் சுட்டான். மீண்டும் ஒன்று வந்தது. இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குருவிக்கு இன்னொரு துணை எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

வாசிக்கும்போது மனம் கசக்கிறது. எட்டு உயிர்கள். ஆனாலும் நான் அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தன் குறிபார்க்கும் திறமையைப் பதிந்து வைக்கத்தான் அவன் எழுதினான். எழுதியதோ வேறொன்றாகிவிட்டது. எங்கே கூடு, எங்கே காவல், எத்தனை நாள், எத்தனை குருவி என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறான். பறவைகளின் நடத்தையை ஆராய்வோருக்குப் பிற்காலத்தில் அதில் ஒரு செய்தி இருந்தது. சுடுகின்ற கைக்குள் கவனிக்கின்ற ஒரு கண்ணும் இருந்தது என்பதற்கு அந்தக் குறிப்பு சாட்சி.

அந்தக் கண்ணை யாராவது ஒருவர் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. 1908இல் அது நடந்தது. வழமைபோல ஒரு குருவியைச் சுட்டு, அறுத்துச் சமைக்க எடுத்தபோது அதன் தொண்டையில் கறி சிந்திய கறை போல ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. சாதாரணக் குருவிக்கு இப்படி இருக்காதே என்று சிறுவனுக்கு ஐயம். இந்தக் குருவியைச் சாப்பிடுவது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமா என்பது அடுத்த ஐயம். குருவியைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனான்.

மாமாவுக்கும் அதன் பெயர் தெரியவில்லை. என்னைப் போல அவரும் எறியச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அவர் ஓர் அங்கத்தவர். அதன் கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதி, கடிதத்தையும் குருவியையும் சிறுவனிடமே கொடுத்து அனுப்பினார். வெள்ளைக்காரத் துரைமார் என்றால் பிள்ளைகள் நடுங்கிய காலம் அது. ஸாலிமும் நடுங்கிக்கொண்டுதான் அந்தக் கட்டடத்துக்குள் போனான்.

மில்லார்ட் அவனைச் சின்னப் பையன் என்று தள்ளிவிடவில்லை. குருவியை வாங்கிப் பார்த்து அது மஞ்சள் தொண்டைக் குருவி என்று பெயர் சொன்னார். அதோடு நிறுத்தாமல் கழகத்தில் பாடம் பண்ணி வைத்திருந்த பறவைகளிடம் அழைத்துப் போனார். இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். வாசிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். பறவையைப் பாடம் பண்ணவும் குறிப்பு எழுதவும் பழகிக்கொள்ள ஏற்பாடு செய்தார். குருவி என்றால் ஒன்றுதான் என்று எண்ணியிருந்த சிறுவனுக்கு உலகம் அன்று வேறு மாதிரித் திறந்தது.

இந்த இடத்தில் எனக்கு அபூ உமைரின் நினைவு வருகிறது. எமது நபி (ஸல்) அவர்கள் அந்தச் சின்னப் பிள்ளை வளர்த்த சிறு குருவியைப் பற்றி அவனிடமே அன்போடு விசாரித்த செய்தியை ஹதீஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. எனக்கு அன்று வயலில் நேரம் இருக்கவில்லை.

ஒரு நல்ல தொடக்கம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் இலகுவாக நடந்துவிடும் என்று நாம் நினைப்போம். ஸாலிம் அலிக்கு அப்படி நடக்கவில்லை. பதின்மூன்று வயதளவில் தீராத தலைவலி வந்து படிப்புத் தடைப்பட்டது. வறண்ட காற்று நல்லது என்று சிந்துப் பகுதியில் இருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். 1913இல் ஒருவாறு மெட்ரிகுலேஷன் தேறினார். புனித சேவியர் கல்லூரியில் முதலாம் ஆண்டே கடினமாகப் போகவே படிப்பை விட்டுவிட்டு, பர்மாவின் தவோய் பகுதியில் குடும்பத்தினர் நடத்திய வொல்ஃபிராம் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் பார்க்கப் போனார். தொழிலை விட அங்கிருந்த காடுதான் அவருக்குப் பாடம் நடத்தியது.

1917இல் இந்தியா திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். அவருடைய ஆசை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ட அருட்தந்தை பிளாட்டர் என்ற தாவரவியலாளர் விலங்கியலும் படிக்கும்படி தூண்டினார். காலையில் ஓரிடத்தில் வணிகம், பின்னர் சேவியர் கல்லூரியில் விலங்கியல் என்று இரண்டையும் படித்தார். 1918 டிசம்பரில் தஹ்மினா பேகத்தை மணந்தார். இந்தப் பெண்மணியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

படித்து முடித்தும் விருப்பமான உத்தியோகம் கிடைக்கவில்லை. அரசாங்க விலங்கியல் நிறுவனத்தில் பறவையியலாளர் பதவி ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் நூதனசாலையில் இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு வருவோருக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 350 ரூபா. இரண்டு வருடங்களில் அந்த வேலை அவருக்குப் போதாமல் போயிற்று. விடுமுறை எடுத்துக்கொண்டு 1928இல் ஜேர்மனி சென்று, பேர்லின் நூதனசாலையில் எர்வின் ஸ்ட்ரேஸ்மான் என்ற பெரும் பறவையியலாளரிடம் பயின்றார். பறவையின் காலில் இலக்கமிட்ட வளையம் பூட்டி அதன் பயணத்தை அறியும் முறையையும் அங்கே நேரில் பார்த்தார்.

1930இல் ஊர் திரும்பினார். நூதனசாலையில் பணம் இல்லை என்று அவருடைய பதவியையே நீக்கியிருந்தார்கள். கையில் ஐரோப்பியப் பயிற்சி; பையில் சம்பளம் இல்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்குத் தெற்கே கடலோரம் இருந்த கிஹிம் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். நகரத்தில் வாழ முடியாததால் போன இடம் அது. அந்த இடத்தில்தான் அவருக்கு வாழ்வின் முதற் பெரிய கண்டுபிடிப்பு காத்திருந்தது. வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக் கொண்டிருந்தன.

இதை வாசித்தபோதுதான் நூலகத்தில் என் கை நின்றது. அந்தப் பக்கத்தில் தூக்கணாங்குருவியின் படம் இருந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவிக்கு மட்டும் உச்சந்தலை மஞ்சளாகும். பெண் குருவி அடைக்கலக்குருவியைப் போல மண்ணிறமாகவே இருக்கும். எங்கள் தம்பி கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு படத்தில் பதில் இருந்தது.

தூக்கணாங்குருவிக் கூட்டை நம்மில் காணாதவர்கள் இல்லை. வாய்க்கால் ஓரத்து மரங்களில் சுரைக்குடுவை போலத் தொங்கும். அதைக் கட்டுவது யார், எப்படி என்று அதுவரை உலகம் சரியாக அறிந்திருக்கவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வீடு கட்டிக் குடியிருக்கின்றன என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். ஸாலிம் அலி அந்த மழைக்காலம் முழுவதும் கூடுகளின் அருகே மறைவாக இருந்து நாள்தோறும் பார்த்தார். கண்டதை எல்லாம் எழுதினார்.

அவர் கண்டது இது. கூட்டை ஆண் குருவி தனியாகவே தொடங்குகிறது. புல்லிலும் நெல் ஓலையிலும் நீளமாக நார் கிழித்து வந்து அலகால் முடிச்சிட்டுப் பின்னுகிறது. தலைக்கவசம் போன்ற நிலை வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டில் தொங்கியபடி சிறகடித்துச் சத்தமிடுகிறது. அப்போது பெண் குருவிகள் கூட்டமாக வருகின்றன. வீடு பார்க்க வந்த மாமிமார் போல உள்ளே போய் இழுத்துப் பார்க்கின்றன, குத்திப் பார்க்கின்றன. ஒருத்திக்குப் பிடித்துவிட்டால் அவள் அங்கேயே தங்குவாள். அதன் பின்னர்தான் ஆண் குருவி முட்டை அறையையும் நீண்ட குழாய் வாசலையும் கட்டி முடிக்கும். யாருக்கும் பிடிக்காத கூடு அரைகுறையாகவே தொங்கி அழியும். ஒருத்தி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் அதே ஆண் குருவி பக்கத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடும். மரத்தின் கீழால் ஆயிரம் பேர் நடந்து போயிருப்பார்கள். வேலை இழந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி பொறுமையாக இருந்ததால் இது தெரியவந்தது.

கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை ஒட்டி அதில் மின்மினிப் பூச்சியை விளக்காகப் பதிக்கும் என்று நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். களிமண் உண்மைதான். அரைக்கட்டுக் கூட்டிலேயே ஆண் குருவி மண்ணைக் கொண்டுவந்து அப்பி விடும். விளக்கு மட்டும் நமது கற்பனை. எனக்கு அந்தக் கற்பனையும் பிடித்திருக்கிறது. ஆனால் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர் சொன்ன உண்மை அதைவிடப் பிடித்திருக்கிறது.

இனி தஹ்மினா பேகம். வசதியாக வளர்ந்தவர், இங்கிலாந்தில் படித்தவர். கணவனுக்கு உத்தியோகம் இல்லாமல் போன நாளில் பட்டணத்து வாழ்வை விட்டுக் கிஹிமுக்கு வந்தார். அதன் பின்னர் ஸாலிம் அலி ஒரு வழி கண்டுபிடித்தார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் போன்ற சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகவும் செலவை மட்டும் தந்தால் போதும் என்றும் கேட்டார். காட்டில் கூடாரம், மாட்டு வண்டி, கொசு, மழை என்று வருடக் கணக்கில் நீண்ட வாழ்க்கை அது. தஹ்மினா கூடவே இருந்து முகாமை நடத்தினார். கணவருடைய எழுத்தைச் செப்பனிடவும் உதவினார். நீலகிரியின் கோத்தகிரியிலும் அவர்கள் சில காலம் தங்கினார்கள். 1939இல் ஒரு சிறிய சத்திர சிகிச்சையைத் தொடர்ந்து தஹ்மினா காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குப் பின் ஸாலிம் அலி தன் சகோதரி கமூவின் வீட்டில் வாழ்ந்தார்.

பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் பெண்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். இங்கே எண்ணிப் பாருங்கள். தாய் இல்லாத பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிய ஹமீதா மாமி, காட்டுக்குக் கூட வந்த தஹ்மினா, தனித்துப் போனவருக்கு வீடு கொடுத்த கமூ, பின்னர் அவரோடு சேர்ந்து சாதாரணப் பறவைகளைப் பற்றி எளிய நூல் எழுதிய மருமகள் லயீக். இந்த நால்வரும் இல்லாவிட்டால் அந்த வாழ்க்கை இப்படி அமைந்திருக்காது.

துயரத்தின் பின் இரண்டு வருடங்களில், 1941இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நிறப் படங்களோடு, சாதாரண மக்கள் கையில் எடுத்துக்கொண்டு பறவையைப் பார்த்துப் பெயர் அறியக்கூடிய நூல். மில்லார்ட் தனக்குச் செய்ததை அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. இழுப்பறைகளைத் திறந்து காட்ட ஒரு துரை தேவையில்லை. புத்தகத்தைத் திறந்தால் போதும்.

அவருடைய மிகப் பெரிய பணி அமெரிக்கரான டில்லன் ரிப்லியுடன் சேர்ந்து எழுதிய பறவைக் கைநூல். 1964 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பூட்டான் ஆகியவற்றோடு நமது இலங்கையின் பறவைகளும் அதில் அடங்குகின்றன. வினாயகபுரத்து வாய்க்காலில் மிதந்த அந்தக் குருவிக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. ஜேர்மனியில் கற்ற வளையமிடும் முறையையும் அவரும் அவருடைய கழகத்தினரும் இந்தியாவில் பெரிய அளவில் செய்தார்கள். நமது வடக்குக் கரைக்கு எதிரே இருக்கும் கோடிக்கரையும் அவர்கள் வளையமிட்ட இடங்களில் ஒன்று. மழைக்காலத்தில் நமது களப்புகளுக்கு வந்து இறங்கும் கரைப்பறவைகள் பல, வடக்கே குளிர் தேசங்களிலிருந்து இந்தியா வழியாக வருபவை. அவற்றின் வழியில் இலங்கை தெற்கு முனை. அதற்கப்பால் பெருங்கடல்தான்.

பறவைகளைக் காப்பதில் அவர் சொல்லுக்கு நாளடைவில் மதிப்பு வந்தது. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலை ஒரு காலத்தில் மன்னர்களும் வெள்ளைக்காரப் பிரபுக்களும் வாத்துச் சுடும் இடம். 1938 நவம்பர் 12ஆம் திகதி, ஒரே நாளில் அங்கே சுடப்பட்ட பறவைகள் 4,273. அந்த இடம் பறவைகளின் சரணாலயமாக நிலைபெற உழைத்தவர்களில் ஸாலிம் அலி முக்கியமானவர். 1985இல் அது உலக மரபுரிமைச் சொத்தானது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப் பார்த்தபோதும் அவர் அதைக் காக்கக் குரல் கொடுத்தார். அந்தக் காடு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவரை ஒரு குற்றமும் இல்லாதவராக நான் காட்ட விரும்பவில்லை. ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பதை அவர் நியாயப்படுத்தினார். நெடுங்காலம் செய்தும் வந்தார். ஓர் இனத்தைச் சரியாக அறிய அந்தக் காலத்தில் அதுவே வழி என்றார். ஆனால் வீணாகக் கொல்வதற்கும் அறிவதற்காக எடுப்பதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது என்பதைச் சிறுவயதுக் குருவிகளிடமிருந்து அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகு அந்தக் கோட்டைக் காப்பதிலேயே மீதி வாழ்வைச் செலவிட்டார்.

பட்டம் இல்லை என்று ஒதுக்கப்பட்டவருக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இல் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. பரிசாக வந்த பெருந்தொகை ஒன்றை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியாக்கினார். 1985இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் வந்த சுயசரிதைக்கு அந்தப் பழைய குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். 1987இல் தனது 90ஆவது வயதில் காலமானார். அவருடைய பெயரால் கோயம்புத்தூரில் ஒரு பறவையியல் ஆராய்ச்சி மையம் 1990இல் தொடங்கப்பட்டது.

அவர் பெயரைத் தாங்கிய ஒரு வௌவாலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மேகமலைப் பகுதியில் 1948இல் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் அது. வழக்கமான இனம் என்று எண்ணிப் பம்பாய்க் கழகத்தின் சேகரிப்பில் போட்டு வைத்துவிட்டார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாக அது அங்கே கிடந்தது. தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதை எடுத்து மீண்டும் பார்த்து, இது வேறு இனம் என்று கண்டு, 1972இல் ஸாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இழுப்பறைக்குள் இருப்பதைக்கூட யாராவது ஒருவர் இது என்ன என்று கேட்டால்தான் அதற்குப் பெயர் கிடைக்கும்.

பெற்றோர்களே, நமது பிள்ளைகள் கடற்கரையிலிருந்து நண்டு கொண்டு வருவார்கள், கிணற்றடியிலிருந்து தவளை கொண்டு வருவார்கள். வீடு அசுத்தமாகிறது, பரீட்சைக்குப் படிக்காமல் திரிகிறான் என்று நமக்குக் கோபம் வரும். அமீருத்தீன் மாமாவுக்கும் பதில் தெரியாது. தெரிந்தவரிடம் அனுப்பும் மனம் அவருக்கு இருந்தது. அவ்வளவுதான் அவர் செய்தது. தோழிகளே, நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. தம்பி, தங்கையின் கேள்வி முதலில் வந்து நிற்பது ராத்தாவிடம்தான்.

சிறுபோக வேலை தொடங்கிய பின்னர் ஒரு நாள் தம்பியையும் அழைத்துக்கொண்டு வினாயகபுரத்துக்கு மீண்டும் போனேன். வாய்க்கால் ஓரத்து மருத மரத்தில் கூடுகள் இருப்பதாக மாமா சொல்லியிருந்தார். தூக்கணாங்குருவி நெல்லைத் தின்றாலும் குஞ்சுகளுக்குப் பூச்சி புழுக்களையும் பிடித்துக் கொடுக்கும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். கதிர் முற்றும்போது தகரம் தட்டினால் போதும், அடிக்க வேண்டியதில்லை, தன் தகப்பனார் காலத்திலும் அப்படித்தான் என்றார். மரத்தடியில் நின்று நானும் தம்பியும் எண்ணினோம். குழாய் வைத்து முடித்த கூடுகள் பதினொன்று. அரைக்கட்டுக் கூடுகள் ஆறு. தம்பி அவற்றைத் தன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினான். ஒரு கூட்டின் கீழே மஞ்சள் தலைக் குருவி ஒன்று சிறகடித்துக் கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அடித்தது கட்டிய கூட்டை யார் முடித்திருப்பார் என்று மெதுவாகக் கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன். இந்த முறை அதைச் சொல்ல வெட்கமாக இருக்கவில்லை. அவன் கொப்பியில் அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டான். கெட்டப்போல் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. நான் கேட்டு வாங்கவில்லை. அன்று முழுவதும் அதை அவன் பையிலிருந்து எடுக்கவில்லை.